நன்றாகப் படித்தால் உள்ளே போகலாமா?



இந்தக் கட்டுரையில் யாரையாவது குற்றஞ்சாட்ட வேண்டுமானால் முதலில் என்னைத்தான் சாட்ட வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம் நான் சொன்ன ஒரே ஒரு வாக்கியம் சில வாரங்களாக என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த வாக்கியத்தை நீங்களும் சொல்லியிருப்பீர்கள். சொல்லாத ஆசிரியர் நம்மில் ஒருவரும் இருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். புத்தாக்கப் போட்டி ஒன்றிற்காகக் கிழக்கு மலேசியாவிற்குப் பன்னிரண்டு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தோம். ஆசிரியர்கள் இருவர், உடன் வந்த பெற்றோர் நால்வர். பெற்றோர் ஆசிரியர் சங்கம் உணவு விற்றும் நன்கொடைச் சீட்டு விற்றும் திரட்டிய பணம் அது. பிள்ளைகளுள் பாதிக்கு மேற்பட்டோர் விமானத்தில் ஏறியதே அதுதான் முதன்முறை. வெள்ளிப் பதக்கம் வென்றார்கள். திரும்பும் நாளில் விமானம் தாமதமாயிற்று. முதலில் ஒரு மணி நேரம் என்றார்கள், பிறகு இன்னும் ஒன்றரை மணி நேரம், பிறகு அறிவிப்பே இல்லை. மொத்தம் நான்கு மணி நேரத்தைக் கடந்தது. எந்த நிறுவனம், எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. ஊரும் பேரும் மாறினாலும் இந்தக் காட்சி மாறுவதில்லை என்பது பயணம் செய்வோருக்குத் தெரியும்.

புறப்பாட்டு வாயிலருகே இருந்த நாற்காலிகள் ஒரு விமானத்துப் பயணிகளுக்கே போதாதவை. அங்கே மூன்று விமானங்களின் பயணிகள் காத்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் தரையில் அமர்ந்தார்கள். குடிநீர்க் குழாய் வேலை செய்யவில்லை. கடையில் ஒரு புட்டித் தண்ணீரின் விலையைப் பார்த்துவிட்டு என் சக ஆசிரியர் தம் பணப்பையைத் திறந்து எண்ணிவிட்டு மூடினார். எதிரே கண்ணாடிக் கதவு ஒன்று. கதவுக்கு அப்பால் மெத்தை இருக்கைகள், மஞ்சள் விளக்கு, வெள்ளைத் தட்டுகள். ‘லவுஞ்ச்’ என்று நாம் எல்லாரும் சொல்கிறோமே, அந்த ஓய்வுக்கூடம். ஒருவர் வந்து அட்டையை நீட்டுவார், கதவு திறக்கும், உள்ளிருந்து காப்பி மணம் வரும், கதவு மூடும்.

“டீச்சர், அங்கே யார் போகலாம்?” என்று கேட்டான் ஒரு மாணவன்.

நான் சற்றும் யோசிக்கவில்லை. இருபது ஆண்டுப் பழக்கம், நாக்கு தானாகவே புரண்டது. “நன்றாகப் படி, தம்பி. நன்றாகப் படித்தால் பெரியவனானதும் நீயும் உள்ளே போகலாம்.”

அவன் மடியில் இருந்த பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “நாங்கதான் பதக்கம் வாங்கிட்டோமே, டீச்சர்?”

கேலிக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஐயம். படித்தாயிற்று, வென்றாயிற்று, இன்னும் என்ன பாக்கி என்று கேட்கிறான். என்னிடம் விடையில்லை. கைப்பேசியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அதன்பின் நடந்ததுதான் இன்னும் வேதனை. உடன் வந்த தந்தை ஒருவரிடம் அந்தக் கதவைத் திறக்கும் கடன்பற்று அட்டை இருந்தது. அவர் நல்ல மனிதர், போட்டிக்கான மரச்சட்டத்தை இரவு முழுக்க விழித்திருந்து அறுத்துத் தந்தவர். முகப்பில் போய்க் கேட்டார். அட்டைதாரரோடு ஒருவரை மட்டும் அழைத்துச் செல்லலாம் என்பது விதியாம். என்னிடம் வந்து, “எனக்கு ஒருத்தரைத்தான் விடுவாங்களாம், டீச்சர். என்ன செய்யட்டும்?” என்று சங்கடத்தோடு நின்றார். தம் மகனை அழைத்துச் சென்றார். வேறு என்ன செய்வார்? கால் மணி நேரத்தில் வெளியே வந்தார். மெல்லிழைத் தாளில் ஐந்தாறு கறிபாப்புகளைச் சுற்றிக் கொண்டுவர முயன்றிருக்கிறார். உணவை வெளியே எடுத்துச் செல்லக் கூடாதென்று முகப்பிலேயே வாங்கி வைத்துவிட்டார்களாம். அவருடைய முகத்தை நான் மறக்கவில்லை. மகனோ நண்பர்களிடம் மீ கோரேங், பனிக்கூழ் இயந்திரம், எத்தனை முறை வேண்டுமானாலும் மைலோ என்று வருணித்துக்கொண்டிருந்தான். மூன்று நாள் ஒரே குழுவாய் இருந்த பிள்ளைகள், அந்தக் கால் மணி நேரத்தில் பார்த்தவன் ஒருவன், பாராதவர் பதினொருவர் என்று ஆகிவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் அந்த மக்சிக் எழுந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும், கையில் பிரம்புக் கூடை. நேரே விமான நிறுவனத்தின் முகப்புக்குப் போனார். இரண்டு மணி நேரம் கடந்துவிட்டது, உணவு எங்கே என்று மலாயில் உரக்கக் கேட்டார். அவ்வளவுதான்! பத்து நிமிடத்தில் உணவுக் கூப்பன்கள் வந்தன. அவருக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும். பட்டம் பெற்ற ஆசிரியர் இருவர் அங்கே இருந்தோம். எங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது.

நிற்க. ஊர் திரும்பியதும் பயண அனுபவத்தைக் கட்டுரையாக எழுதச் சொன்னேன். பன்னிருவரில் எழுவர் கண்ணாடிக் கதவைப் பற்றி எழுதியிருந்தார்கள். போட்டியைப் பற்றி இரண்டு வரி, பதக்கத்தைப் பற்றி ஒரு வரி, கதவைப் பற்றி ஒரு பத்தி. “நான் நன்றாகப் படித்து ஒருநாள் அந்த அறைக்குள் செல்வேன்” என்று முடித்திருந்தான் ஒருவன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அந்தத் தாளுக்கு நான் என்ன மதிப்பெண் இடுவது?

இந்த வாக்கியம் எங்கிருந்து என் நாக்கில் ஏறியது என்று யோசித்தபோது என் தாத்தா நினைவுக்கு வந்தார். அவர் 1930-களில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் பினாங்கு வந்தவர். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நம்மவர்களைச் சுமந்தது. ஆயிரக்கணக்கானோர் மேல்தளத்தில் பாய் விரித்து வந்தார்கள். நம் குடும்பங்களில் இன்றும் ‘டெக்கில் வந்தவர்’ என்பார்கள். கேபின்காரர்கள் துறைமுகத்தில் இறங்கி வீடு போய்ச் சேர, டெக்கில் வந்தவர்களைப் படகில் ஏற்றி ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனதைத் தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என் அப்பாவிடம் அடிக்கடி சொன்னது: “நல்லா படிடா, நீயாவது கேபின்ல போகலாம்.”

ஆக, என் வாக்கியத்திற்கு மூன்று தலைமுறை வயது. தாத்தா சொன்னதில் நான் குறை காணமாட்டேன். அவருக்குக் கேட்பதற்கு முகப்பும் இல்லை, காட்டுவதற்குத் தாளும் இல்லை. டெக்கிலிருந்து தப்ப அவருக்குத் தெரிந்த ஒரே வழி மகன் கேபினுக்கு ஏறுவது. நம் நிலை அதுவா? விமானம் பாயான் லெப்பாசில் இறங்கும்போது சன்னல் வழியே அதே ஜெரெஜாக் தீவு தெரிகிறது. நாமோ பிள்ளைகளுக்கு இன்னும் கேபினைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறோம்!

இந்த ஓய்வுக்கூடங்களின் கதையைப் பெற்றோர் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது. முதலாவது ஓய்வுக்கூடத்தை 1939-இல் நியூயார்க்கின் லாகுவார்டியா நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திறந்தது. தொடக்கத்தில் அழைப்புப் பெற்றவர்கள் மட்டுமே நுழைய முடியும். படிப்புக்கோ உழைப்புக்கோ தரப்பட்ட பரிசு அன்று அது. நிறுவனத்திற்கு வேண்டிய பெரும்புள்ளிகளைக் கைக்குள் வைத்துக்கொள்ளும் உபாயம். கட்டணம் செலுத்தி உறுப்பினராகும் முறை பிற்பாடு வந்ததே. இன்றும் பழைய முறை ஒழிந்துவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் ‘சேர்மன்ஸ் லவுஞ்ச்’ என்றொரு கூடம் வைத்திருக்கிறது. அதற்கு விண்ணப்பம் கிடையாது, அழைப்பு மட்டுமே. அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலர் அதன் உறுப்பினர்கள். விமானத் துறைக்குச் சட்டம் இயற்றுவோர் வாயிலருகே தரையில் அமர நேர்வதே இல்லை என்றால், தரையைப் பற்றி அவர்கள் எப்போது சிந்திப்பார்கள்? அதே நிறுவனம்தான் 2015-இல் தன் ஓய்வுக்கூடங்களில் உடை விதியை இறுக்கி, ரப்பர் சிலிப்பர் அணிந்து வருவோரைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. நம் வீட்டுப் பெரியவர்கள் பாதிப் பேர் அந்தச் சிலிப்பரில்தான் விமானம் ஏறுகிறார்கள்!

மற்றபடி, உள்ளே போகும் வழிகள் நான்குதான். உயர்வகுப்புப் பயணச்சீட்டு ஒன்று. அடிக்கடி பறப்போருக்கான உறுப்பிய நிலை மற்றொன்று. மலேசியா ஏர்லைன்ஸ் 2013-இல் சேர்ந்த ‘ஒன்வோர்ல்ட்’ கூட்டணியில் ‘சஃபையர்’ நிலையை எட்டியவர் தம்மோடு ஒருவரை அழைத்துச் செல்லலாம். மூன்றாவது, வங்கி தரும் அட்டை அல்லது 1992-இல் தொடங்கிய ‘பிரையாரிட்டி பாஸ்’ போன்ற உறுப்பியம். நான்காவது, கதவருகே பணம் கட்டி நுழைவது. இந்த நான்காம் வழியைப் பரவலாக்கியவர் நம் மலேசியர்தான். சோங் ஹோய் சீ என்பவர் 1998-இல் தொடங்கிய ‘பிளாசா பிரீமியம்’ அது. வங்கி வேலையில் உயர்வகுப்பில் பறந்தவர், வேலையை விட்டுச் சொந்தத் தொழிலுக்கு வந்து சாதாரண வகுப்பில் பறந்தபோது வெளியே இருப்பவரின் நிலை அவருக்குப் புரிந்தது. அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் கண்டுபிடித்த தீர்வும் ஒரு கதவுதான்.

இந்த நான்கில் எதில் படிப்பு வருகிறது? எதிலும் இல்லை! இந்தியாவில் ‘ரூபே’ அட்டை ஒன்று இருந்தால் இரண்டு ரூபாய்க் கழிவில் உள்ளே போகலாம் என்றிருந்தது. அட்டைகள் பெருகின, கதவருகே வரிசை நீண்டது. வங்கிகள் விதியை இறுக்கின. எச்டிஎப்சி வங்கி 2023 டிசம்பர் முதல் தன் ‘ரீகாலியா’ அட்டையில் காலாண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் செலவழித்தவர்க்கே அனுமதி என்றது. செலவழித்தவர்க்கு என்பதைக் கவனியுங்கள். சம்பாதித்தவர்க்கென்றோ படித்தவர்க்கென்றோ இல்லை. “நன்றாகப் படித்தால் உள்ளே போகலாம்” என்று நான் சொன்னது அறநெறிப்படி மட்டுமல்ல, தகவலின்படியும் பொய். “நன்றாகச் செலவழித்தால் உள்ளே போகலாம்” என்று சொல்லியிருந்தால் உண்மையாக இருந்திருக்கும்.

“தனியார் வணிகம், பணம் கொடுப்பவர் அனுபவிக்கிறார், உங்களுக்கு என்ன பொறாமை?” என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சர்க்கரை நோயோடு ஏழு மணி நேரம் மாற்று விமானத்திற்குக் காத்திருக்கும் முதியவர் பணம் கட்டிப் படுத்துக்கொள்கிறார் என்றால் மகிழ்ச்சியே. பனிக்கூழ் இயந்திரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளட்டும். என் வழக்கு பனிக்கூழைப் பற்றியதன்று. உட்கார ஓர் இடம், குடிக்கத் தண்ணீர், கைப்பேசிக்கு மின்சாரம், பிள்ளைக்குப் பாலூட்ட ஒரு மறைவு, இவை எப்போது சொகுசாயின? நம் ஒவ்வொருவர் பயணச்சீட்டிலும் பயணிகள் சேவைக் கட்டணம் என்று ஒரு தொகை இருக்கிறது. 2017-இல் உள்நாட்டுப் பயணத்திற்கே அது 11 வெள்ளியாயிற்று. பதினெட்டுப் பேர், போகவும் வரவும் கணக்கிட்டுப் பாருங்கள். கறிபாப் விற்றுத் திரட்டிய பணத்தில் ஏறத்தாழ 400 வெள்ளி ‘சேவை’க்கென்றே போகிறது. சேவை எங்கே?

ஜூல் டுபுய் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1849-இல் எழுதிய கருத்தொன்று உண்டு. அக்கால இரயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை போடாமல் விட்டது கூரைக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்த அன்று, இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்க வல்லவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாதென்பதற்காக என்றார். ஏழையைத் துன்புறுத்துவது நோக்கமில்லை, வசதியுள்ளவனைப் பயமுறுத்துவதே நோக்கம். ஆனால் மழையில் நனைவது ஏழைதான். குடிநீர்க் குழாய் பழுதாகிக் கிடப்பதும் ஓய்வுக்கூடம் பளபளப்பதும் திட்டமிட்டவை என்று நான் சொல்லவில்லை. வெளியே வசதி கூடினால் உள்ளே வாங்குவோர் குறைவர் என்ற கணக்கு யாருக்கும் தெரியாமலிருக்காது என்று மட்டும் சொல்கிறேன்.

வெளியே வசதி செய்ய முடியாதா என்ன? சிங்கப்பூரின் சாங்கியில் எந்த அட்டையும் கேட்காமல் சாய்ந்து உறங்கும் இருக்கைகள் உண்டு, வண்ணத்துப்பூச்சித் தோட்டம்கூட உண்டு. அது பணக்கார நாடு என்பீர்கள். இந்தியாவைப் பாருங்கள். விமான நிலையத் தேநீர் விலை நாடாளுமன்றம்வரை போனபின், 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் ‘உடான் யாத்ரி கஃபே’ திறந்தார்கள். தொடங்கியபோது தேநீர் 10 ரூபாய், தண்ணீர் 10 ரூபாய், காப்பி 20, சமோசா 20. யாரோ கேட்டார்கள், கிடைத்தது. பிரம்புக் கூடை மக்சிக்கைப் போல!

அவர் கேட்டது எந்த அடிப்படையில் என்று பிறகுதான் தேடிப் படித்தேன். 2016-இல் மலேசிய விமானப் போக்குவரத்துப் பயனீட்டாளர் பாதுகாப்பு நெறித்தொகுப்பு வந்தது. விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் உணவு, தொலைபேசி அழைப்பு, இணைய வசதி தர வேண்டும். ஐந்து மணி நேரத்தைத் தொட்டு இரவு தங்க நேர்ந்தால் தங்குவிடுதியும் அங்குச் செல்ல வாகனமும் தர வேண்டும். 2024 செப்டம்பர் திருத்தத்திற்குப் பின், ஐந்து மணி நேரத் தாமதத்தில் பயணம் வேண்டாமென்றால் செலுத்திய வழியிலேயே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். புகார் அளித்தால் நிறுவனம் 30 நாளில் தீர்வு சொல்ல வேண்டும். முன்பு இதைக் கண்காணித்த மாவ்கோம் ஆணையத்தின் பணிகள் 2025 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து மலேசிய வான்போக்குவரத்து ஆணையத்திடம் சேர்ந்துவிட்டன.

பத்து நிமிடத்தில் படித்து முடிக்கக் கூடிய செய்தி இது. இருபது ஆண்டு ஆசிரியப் பணியில், ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் இருந்த காலத்தையும் சேர்த்து, இதை நான் படிக்கவில்லை. சுற்றுலா அழைத்துச் செல்ல எத்தனை பாரங்கள் நிரப்புகிறோம்! பெற்றோர் இசைவுப் பாரம், காப்புறுதி, மாவட்டக் கல்வி அலுவலக அனுமதி. இந்த ஒரு தாள் மட்டும் அந்தக் கோப்பில் இல்லை.

பெற்றோர்களுக்கு இன்னொன்று. பாயான் லெப்பாஸ் நிலையத்தை விரிவுபடுத்துகிறார்கள். ஆண்டுக்கு 65 இலட்சம் பேருக்கென்று அமைந்த நிலையத்தை 2019-இல் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தினார்கள். ஒரு கோடியே 20 இலட்சம் பேரைத் தாங்கும்படி அதை வளர்ப்பது திட்டம். இதைப் பற்றி டத்தோ கிராமாட்டில், பாடாங் பிரவுன் உணவுக் கடைகளில் அமர்ந்து நாம் பேசுவதெல்லாம் புதிய ஓய்வுக்கூடம் எவ்வளவு பெரிதாய் இருக்கும் என்பதுதான். வாயிலருகே எத்தனை நாற்காலி, எத்தனை தண்ணீர்க் குழாய் என்று ஒருவராவது சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதினோமா? கட்டி முடித்தபின் முனகுவதில் நமக்கு நிகர் நாமே.

என் தவற்றைத் திருத்த என்னால் முடிந்ததைச் செய்தேன். தமிழ்மொழிப் பாடத்தில் அலுவல் கடிதம் கற்பிக்கிறோம் அல்லவா? ஆண்டுதோறும் அதே கடிதம்: குப்பை அள்ளப்படவில்லை, கால்வாய் அடைத்துக்கொண்டது, பெறுநர் நகராண்மைக் கழகத் தலைவர். யாருக்கும் அனுப்பப்படாத கடிதம். இம்முறை தலைப்பை மாற்றினேன். விமானம் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டியது, எத்தனை மணிக்குப் புறப்பட்டது, உணவு எப்போது தரப்பட்டிருக்க வேண்டும், எப்போது, யார் கேட்டபின் தரப்பட்டது, எல்லாவற்றையும் பன்னிருவரும் எழுதினார்கள். அட்டை வைத்திருந்த தந்தையின் மகனும் எழுதினான். அவன் கடிதம்தான் ஆகத் தெளிவாக இருந்தது, பார்த்ததை அவன் நன்றாகவே நினைவில் வைத்திருந்தான். சிறந்த பகுதிகளைச் சேர்த்து ஒரே கடிதமாக்கி, மலாயில் பெயர்த்து, நானும் சக ஆசிரியரும் கையொப்பமிட்டு அனுப்பினோம். தலைமையாசிரியருக்குச் சற்றுத் தயக்கம். “பள்ளிப் பெயரைப் போட வேண்டாமே, டீச்சர்” என்றார். போடவில்லை.

அந்த வாக்கியத்தைச் சொன்ன மாணவனிடம் மன்னிப்பும் கேட்டேன். எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை. “30 நாள் என்றால் சனி, ஞாயிறும் சேர்த்தா, டீச்சர்?” என்பதே அவன் கவலை. சேர்த்தே எண்ணுவோம் என்று முடிவு செய்து, வகுப்பறை நாட்காட்டியில் தினமும் ஒரு கட்டத்தைச் சிவப்பு மையால் அடித்துக்கொண்டு வருகிறான். இன்று பதினேழாம் நாள். இன்னும் பதில் வரவில்லை.